பல்பு எரியும் அலமாரி: கோடைக்கானலில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடை

கோடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம், இரண்டு கம்பளிக் கடைகளுக்கு நடுவே மரப்படி ஏறிப் போனால் மாடியில் ஓர் அறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பழைய பொருள் வாங்கி விற்கும் கடை என்று கீழே யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியதிலிருந்து இந்த மலையில் வெளிநாட்டுக் குடும்பங்கள் வருவதும் இருப்பதும் போவதுமாக இருந்திருக்கின்றன. வீட்டைக் காலி செய்கிறவர்கள் பியானோவையும் நாற்காலியையும் விற்றுவிடுவார்கள். கடைசியில் பெட்டி பெட்டியாக மிஞ்சுவது புத்தகங்களும் இசைத்தட்டுகளும்தான். அந்த மிச்சத்தில் வளர்ந்த கடை இது. இடைக்கால ஐரோப்பாவின் (ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரை) வாழ்க்கையைக் காதால் கேட்க முடியுமா என்று தேடி இங்கே நான்கு முறை போய் வந்தேன். கிடைத்ததையும் கிடைக்காததையும் எழுதுகிறேன்.

நான் கீழ்மலையில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். ஒன்பதாம் வகுப்பில் ‘இடைக்காலம்’ என்றொரு பாடம் உண்டு. நிலப்பிரபுத்துவம், துறவி மடங்கள், சிலுவைப் போர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, பின்வரிசையில் இருந்த ஒரு பையன், “அந்தப் பண்ணையில வேலை செஞ்சவங்க என்ன டீச்சர் பாடுவாங்க?” என்று கேட்டான். அவன் வீட்டில் காப்பிக் கொட்டை பறிக்கப் போகிறவர்கள் பாடிக்கொண்டே பறிப்பார்கள்; ஆகவே அது இயல்பான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

முதலில் எல்லோரையும் போலக் கைபேசியில்தான் தேடினேன். ஒரு பாட்டுச் செயலியில் ‘இடைக்கால இசை’ என்று தட்டியதும் மூன்று மணி நேரம் ஓடக்கூடிய தொகுப்புகள் வந்து குவிந்தன. மழைச் சத்தம், விறகு எரியும் சத்தம், அவற்றின் மேல் மெல்லிய யாழ் ஒன்று. பெரும்பாலானவை கணினி விளையாட்டுகளுக்காக நம் காலத்தில் செய்யப்பட்டவை என்பது விவரக்குறிப்பைப் படித்த பிறகே தெரிந்தது. யார் பாடினார்கள், எந்தச் சுவடியிலிருந்து எடுத்தார்கள், எந்த நூற்றாண்டு என்ற எதையும் அந்தச் செயலி சொல்லவில்லை. சந்தா கட்டியும் இந்த நிலைமைதான் என்பது என் மனக்குறை. பழைய இசைத்தட்டின் அட்டையில் இவ்வளவும் அச்சாகியிருக்கும் என்ற நினைப்பே என்னைப் பேருந்தேற்றிக் கோடைக்கு அனுப்பியது.

கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு பெரிய தேக்கு அலமாரி. அதன் கீழ்த்தட்டில் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. முதலில் அது எதற்கு என்று புரியவில்லை. கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். தலையில் கம்பளிக் குல்லாய், தோளில் துண்டு. நான் பல்பைப் பார்ப்பதைக் கவனித்து, “வெயில்ல வச்சா வளைஞ்சுரும் டீச்சர், ஈரத்துல வச்சா பூத்துரும், அதுக்குத்தேன் இந்தச் சூடு” என்றார். மலையில் குடியிருப்பவர்கள் பட்டுப்புடவைக்குச் செய்யும் வைத்தியத்தை அவர் இசைத்தட்டுக்குச் செய்கிறார். ஆனாலும் பாதி அட்டைகளில் பூஞ்சையின் சாம்பல் நிறப் புள்ளிகள் உண்டு. தட்டை உருவி, வடிநீரில் நனைத்த பஞ்சுத் துணியால் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, பல்புக்கு எதிரே சாய்த்துப் பார்த்து, கீறல் எங்கே இருக்கிறது என்று நகத்தைப் படாமல் வைத்துக் காட்டிய பிறகுதான் விலை சொல்கிறார். வாங்குவதற்கு முன் முழுத்தட்டையும் போட்டுக் கேட்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய இசை எதுவானாலும் அவருக்குச் ‘சர்ச்’ வரிசைதான். துறவி மடங்களின் இலத்தீன் வழிபாட்டுப் பாட்டான கிரகோரியப் பாடலும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையும் கிறிஸ்துமஸ் கீதங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பாக் பிறந்தது 1685இல். இடைக்காலம் முடிந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், திருஞானசம்பந்தரையும் குமரகுருபரரையும் ‘சைவம்’ என்ற ஒரே கட்டில் கட்டி வைத்ததைப் போல. ஒவ்வொன்றாக எடுத்து ஆண்டைப் பார்த்துப் பிரிக்கும் பொறுமை வாங்க வருகிறவருக்கு வேண்டும்.

முதல் நாள் நான் ‘இடைக்காலம்’ என்றதும் அவர் தயங்காமல் எடுத்து நீட்டியது ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் ‘கார்மினா புரானா’. பெருங்குழுவும் முரசுமாக அதிரும் அந்த இசையை விளம்பரங்களில் பலரும் கேட்டிருப்பார்கள். ஓர்ஃப் அதை இயற்றியது 1930களில். முதன்முதலில் அரங்கேறியது 1937இல் பிராங்க்பர்ட்டில். பாட்டின் சொற்கள் மட்டுமே பழையவை. 1803இல் பவேரியாவின் பெனடிக்ட்பாய்ரன் மடத்தில் கண்டெடுக்கப்பட்ட பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள் இருந்தன. குடியும் சூதாட்டமும் வசந்தமும் காதலும் பேசும் அவற்றிலிருந்து இருபத்து நான்கை மட்டும் ஓர்ஃப் எடுத்துக்கொண்டு, மெட்டைத் தாமே அமைத்தார். சுவடியிலேயே சில பாடல்களுக்கு மேல் சிறு சிறு கீற்றுகளாக இசைக்குறிகள் உண்டு. குரல் ஏறுகிறது, இறங்குகிறது என்று காட்டுமே தவிர, எவ்வளவு என்று அவை சொல்வதில்லை. ஏற்கெனவே மெட்டறிந்தவருக்கான நினைவுக்குறிப்பு அது. தட்டு நன்றாகவே இருந்தது, நான் வாங்கவில்லை.

மடத்து இசையைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் கடையில் பஞ்சமே இல்லை. ஸ்பெயினின் சிலோஸ் மடத்துத் துறவிகள் பாடி, 1994இல் உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்ற கிரகோரியப் பாடல் குறுந்தகடு மட்டும் நான்கு பிரதி கிடந்தன. மன அமைதிக்கென்று வாங்கி, ஒரு முறை கேட்டு, பெட்டியில் போட்டவர்கள் இந்த மலையிலும் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். அதைவிட மேலானது எனக்குக் கிடைத்தது: பன்னிரண்டாம் நூற்றாண்டின் மடத்துத் தலைவி பிங்கனின் ஹில்டகார்டு (1098–1179) இயற்றிய பாடல்களை, கிறிஸ்டோபர் பேஜ் நடத்திய ‘காத்திக் வாய்சஸ்’ குழு, எம்மா கர்க்பியின் குரலோடு 1980களின் தொடக்கத்தில் பதிவு செய்த தட்டு. ஒரே ஒரு குரல், அடியில் நீளும் சுருதி. தம்புராவோடு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகவே இல்லை. ஹில்டகார்டின் இசை நாடகம் ஒன்றில் எல்லாப் பாத்திரங்களும் பாடும். சாத்தான் மட்டும் கத்துவான், அவனுக்குப் பாட்டு வராது. அவருடைய முதுமையில், 1178இல், திருச்சபையால் விலக்கப்பட்டவர் என்று கருதப்பட்ட ஒருவரை மடத்து மண்ணில் புதைத்ததற்காக, மைன்ஸ் நகரத்துக் குருமார்கள் அந்த மடத்தில் யாரும் பாடக்கூடாது என்று தடை விதித்தார்கள். வழிபாட்டைத் தாழ்ந்த குரலில் வாசித்தே முடிக்க வேண்டியதாயிற்று. எண்பது வயதை நெருங்கிய அவர் கடிதம் எழுதிப் போராடி, இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு தடையை நீக்க வைத்தார். பாட்டைப் பிடுங்கிக்கொள்வது அந்தக் காலத்தில் ஒரு தண்டனை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனாலும் என் மாணவன் கேட்டது துறவியின் பாட்டையல்ல, உழுதவனின் பாட்டை. தேடல் கடினமாவது இந்த இடத்தில்தான். எழுதத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் மடத்தில் இருந்தார்கள். தோல் ஏடு விலையுயர்ந்தது. ஆகவே எழுதி வைக்கத் தகுந்தது எது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். தென் பிரான்சின் ட்ரூபதூர் கவிஞர்களுடைய பாடல்களே ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு கிடைத்திருக்க, மெட்டோடு மிஞ்சியவை அவற்றில் பத்தில் ஒரு பங்குதான். அரசவைக் கவிஞர்களின் கதியே இதுவென்றால் களத்துமேட்டுப் பாட்டை யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்? நமக்கும் இது தெரிந்த துயரம்தான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை யாழையும் குழலையும் அவ்வளவு விரிவாகப் பேசியும், மாதவி பாடியது எந்த மெட்டில் என்று நம்மால் பாடிக்காட்ட முடியாது. நாற்று நடவுப் பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனவே பொதுமக்களின் வாழ்க்கை, எழுதத் தெரிந்தவர்களின் கைக்குத் தற்செயலாக வந்து விழுந்த இடங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அப்படி ஓர் இடம், இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டீல் நாட்டு மன்னர் பத்தாம் அல்போன்சோவின் அவையில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘காண்டிகாஸ் தே சாந்தா மரியா’ (புனித மரியாளின் பாடல்கள்). நானூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். பெரும்பாலானவை மாதாவின் அற்புதங்களைச் சொல்லும் கதைகள். அற்புதம் நடப்பதோ சமையற்கட்டிலும் சத்திரத்திலும். ஒரு பாடலில் யாத்திரிகர்கள் சத்திரத்தில் இறைச்சி வேகவைக்கச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போகிறார்கள்; திரும்பி வந்து பார்த்தால் ஒரு துண்டைக் காணவில்லை. வேண்டிக்கொள்கிறார்கள், மூலையில் இருந்த பெட்டிக்குள் களவு போன துண்டு தொம் தொம்மென்று குதிக்கிறது. வகுப்பில் இந்தக் கதையைச் சொன்ன நாளில் மணி அடித்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

இந்தப் பாடல்களின் குறுந்தகட்டில்தான் கடை என்னை ஏமாற்றியது. அட்டை சரியாக இருந்தது, உள்ளே இருந்த சிறு நூலும் சரியாக இருந்தது. அவசரத்தில் போட்டுக் கேட்காமல் வாங்கி வந்து, வீட்டில் போட்டால் இராணுவ பேண்டு வாத்தியம் முழங்கியது. மாற்றித் தர அவர் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக இன்னொரு சனிக்கிழமை, பெருமாள்மலை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேருந்தில் போய்வர வேண்டியிருந்தது. போட்டுப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த பெரும்பேறு மூன்றாம் முறை போனபோது வந்தது. பார்சலோனாவுக்கு அருகே மொன்செராத் என்றொரு மலை. பாறைகள் வாள் பற்களைப் போல நிற்கும் இடம். மேலே ஒரு மடம், அதில் கறுத்த மேனியுடைய மாதாவின் திருவுருவம். பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் அந்த மடத்தில் எழுதப்பட்ட சுவடி ஒன்றுக்கு ‘மொன்செராத்தின் சிவப்பு நூல்’ என்று பெயர். சிவப்பு வெல்வெட் அட்டை பிற்காலத்தில் வந்தது. அதில் பத்துப் பாடல்கள் மெட்டோடு இருக்கின்றன. அவற்றை ஏன் எழுதி வைத்தார்கள் என்ற குறிப்பும் இருக்கிறது. மலையேறி வரும் யாத்திரிகர்கள் இரவெல்லாம் கோயிலில் கண்விழிக்கிறார்கள், பகலில் முற்றத்தில் கூடுகிறார்கள். அவர்களுக்கு ஆடவும் பாடவும் ஆசையாக இருக்கிறது. ஆனால் அங்கே கண்ணியமான, பக்தியான பாட்டுகளே பாடப்பட வேண்டும். அதற்காகச் சிலவற்றை இங்கே எழுதுகிறோம் என்பதே அதன் சாரம். இதைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். மேளம் கேட்டால் கால் நிற்காத கூட்டத்தைக் கோயில் முற்றத்தில் சமாளித்த யாரோ ஒரு துறவி, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் மாதிரி இருந்தார். குறிஞ்சி ஆண்டவர் கோயில் முகப்பில் நின்றால் மேகம் இல்லாத நாளில் பழனி தெரியும். அங்கே தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்கள் சாலையோரத்தில் காவடிச் சிந்து பாடி ஆடியதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவளுக்கு, இந்தக் குறிப்பை விளங்கிக்கொள்ள வரலாற்று ஆசிரியராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடையில் கிடைத்தது, ஸ்பெயின் நாட்டு இசைஞர் ஜோர்டி சவாலின் குழு இந்தப் பாடல்களை 1970களின் இறுதியில் பதிவு செய்த தட்டு. அட்டையின் மேல் மூலை கரையான் அரித்தது, தட்டு தப்பித்துவிட்டது. கடைக்காரர் துடைத்து ஊசியை வைத்தார். மலைமேல் ஒளிரும் விண்மீனே என்று மாதாவை விளித்துத் தொடங்கும் பாடல், இரண்டு குரல்கள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் போக, மெதுவாக நடை பிடித்து, ஒரு கூட்டம் மேலேறி வருவதைப் போலப் பெருகியது. உள்ளே மடித்து வைத்திருந்த மொழிபெயர்ப்புத் தாளைப் பார்த்து அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பிரபுக்கள் வருகிறார்கள், உழவர்கள் வருகிறார்கள், பத்திரம் எழுதுகிறவர்களும் வக்கீல்களும் வருகிறார்கள், சிற்பிகளும் தச்சர்களும் தையற்காரர்களும் செருப்புத் தைக்கிறவர்களும் கம்பளி நெய்கிறவர்களும் வருகிறார்கள் என்று பாட்டிலேயே அடுக்கியிருக்கிறது. அவர் ஊசியைத் தூக்கி, மறுபடி முதலிலிருந்து வைத்தார். “செருப்புத் தைக்கிறவர் வர்ற இடத்துல கையத் தூக்குங்க டீச்சர்” என்றார். தூக்கினேன். அந்த இடத்தில் இசை எந்த வகையிலும் மாறுவதில்லை. பிரபுவுக்கும் செருப்புத் தைக்கிறவருக்கும் ஒரே மெட்டுத்தான். என் மாணவனுக்கு நான் கொடுக்கக்கூடிய பதில்களில் மிக நெருங்கியது இதுவென்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

1811இல் நெப்போலியனின் படைகள் அந்த மடத்தை எரித்தபோது, இந்தச் சுவடி இரவலாக வெளியே போயிருந்ததால் பிழைத்தது என்ற செய்தியையும் அவரிடம் சொல்லிவைத்தேன். “புத்தகத்த இரவல் குடுத்தாத் திரும்பி வராதும்பாங்க” என்று சொல்லிச் சற்று நேரம் யோசித்தார்.

இத்தகைய தட்டுகளைக் கேட்கிறவர்கள் ஓர் எச்சரிக்கையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சுவடியில் இருப்பது பெரும்பாலும் சொல்லும் மெட்டும்தான். தாளம் இன்னது, வாத்தியம் இன்னது என்று பல நேரம் எழுதப்படவில்லை. அதனால் ஒரே பாட்டை இரண்டு குழுக்கள் பாடினால் இரண்டு வேறு பாட்டாகிவிடும். பறையும் மணியும் சேர்த்து விழாவாக்குகிறவர்கள் உண்டு. ஒற்றைக் குரலில் நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. இரண்டாவது வகையே என் காதுக்கு நேர்மையாகப் படுகிறது, ஆனால் பிள்ளைகளுக்கு முதல் வகைதான் பிடிக்கிறது.

வாத்தியங்களைப் பொறுத்தவரை, 1976இல் ஆங்கில இசைஞர் டேவிட் மன்ரோ வெளியிட்ட இரட்டைத் தட்டுத் தொகுப்பு ஒன்று இந்தக் கடையில் கிடைத்தது. கூட வரவேண்டிய படநூல் இல்லை. மன்ரோ இளைஞராக இருந்தபோது பெரு நாட்டில் ஆசிரியர் வேலை பார்த்து, அங்கே புழக்கத்தில் இருந்த நாட்டுப்புற வாத்தியங்களோடு ஊர் திரும்பியவர். செத்துப்போன வாத்தியத்தின் ஒலியை, அதன் உயிரோடிருக்கும் உறவினரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது அவர் வழி. இந்தத் தட்டைக் கேட்கும் தமிழர் அதையே தலைகீழாகச் செய்யலாம். ‘ஷாம்’ என்ற குழல் ஒலிக்கும்போது நாதஸ்வரத்தின் சீவாளியை நினைத்துக்கொண்டால் போதும். திறந்த வெளிக்காகவே பிறந்த அதே கூர்மை. பைக்குழலின் அடியில் விடாமல் ஒலிப்பது நம் ஒத்து. ‘நேக்கர்’ என்ற இரட்டை முரசின் பெயர் அரபியின் ‘நக்காரா’விலிருந்து போனது, நம் கோயில்களிலும் தர்காக்களிலும் நகரா என்று நிற்பதும் அதே சொல்தான். ‘லூட்’ என்ற தந்தி வாத்தியம் அரபியரின் ‘ஊத்’.

வகுப்பில் எடுபட்டது எது என்று கேட்டால், ஆங்கில மடம் ஒன்றின் சுவடியிலிருந்து கிடைத்த பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோடைப் பாட்டு. குயில் கூவுகிறது, விதை முளைக்கிறது, ஆடு குட்டியைத் தேடிக் கத்துகிறது, காளை துள்ளுகிறது, கிடா வாயு விடுகிறது, அவ்வளவுதான் பாட்டு. ஒருவர் தொடங்கிச் சற்றுத் தூரம் போனதும் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்; இப்படி நான்கு பேர் துரத்திக்கொண்டு பாட, அடியில் இருவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நான்கு பெஞ்சுகளையும் நான்கு குரலாக்கினேன். மூன்றாவது பெஞ்சு எப்போதும் கிடா வரும் இடத்திலேயே சிரித்துச் சிதறிவிட்டதால் ஒரு முறைகூட முழுதாக முடியவில்லை. ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வரிக்கு உரை தேவைப்படவில்லை.

விலை விஷயத்தில் கடை நியாயமானது. குறுந்தகடுகளை நூற்றைம்பது ரூபாய்க்குக் கொடுத்தார். தட்டுகள் நானூறிலிருந்து தொடங்குகின்றன. மன்ரோ தொகுப்புக்கு ஆயிரத்து இருநூறு கேட்டு, படநூல் இல்லாததால் தொள்ளாயிரத்துக்கு இறங்கினார். தட்டு சுழற்றும் கருவி இல்லாதவர்களுக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பென் டிரைவில் ஏற்றித் தருவதாகச் சொன்னார். அது சட்டப்படி சரிதானா என்று கேட்டதற்கு மழை வரும்போல என்றார். சீசன் மாதங்களில் போகாதீர்கள். சுவரில் மாட்டுவதற்கு வெறும் அட்டை வாங்க வருகிறவர்களின் கூட்டத்தில் அவருக்குத் துடைக்கவும் போட்டுக் காட்டவும் நேரம் இருக்காது. ஜூலைக்குப் பிறகு, சாரல் நாளில், மதியச் சாப்பாட்டுக்கு மேல் போனால் அறை முழுவதும் உங்களுக்குத்தான்.

எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞரும் இசைஞருமான கியோம் தே மஷோ, 1349ஆம் ஆண்டின் கொள்ளைநோயை நீண்ட கவிதை ஒன்றின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். நோய்க்கு அஞ்சி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிடந்தவர், ஒரு நாள் வெளியே பைக்குழலும் எக்காளமும் நகராவும் ஒலிப்பதைக் கேட்டு என்னவென்று விசாரிக்கிறார். பிழைத்தவர்கள் கூடிக் கொண்டாடுகிறார்கள் என்று பதில் வருகிறது. 2020இல் மலைப்பாதை அடைத்துக் கிடந்த மாதங்களுக்குப் பிறகு, எங்கள் ஊர்க் கோயிலில் முதன்முதலாக மேளம் கேட்ட காலையை நான் மறக்கவில்லை. அதனால் மஷோவின் பாடல்கள் உள்ள தட்டு எதுவாக இருந்தாலும் வேண்டும் என்று சொல்லிவைத்தேன். கடைக்காரர் பழைய மளிகைக் கணக்கு நோட்டில் என் கைபேசி எண்ணை எழுதி, அருகில் ‘மாசோ’ என்று குறித்துக்கொண்டு, “இது ஆளு பேரா, ஊர்ப் பேரா டீச்சர்?” என்று கேட்டார். ஆள்தான் என்றேன். ‘ஆள்’ என்றும் சேர்த்து எழுதி நோட்டைப் பல்புக்குப் பக்கத்தில் வைத்தார்.